விருந்தாளிகளுக்குப் போட்ட இலை

வேகவதிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை என்று தெரிந்தது. சட்டை என்னுடையதல்ல. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு ஜைனர் வீட்டு ஐயா சற்று முன்புதான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் போட்டிருந்த சந்தன நிற ஜிப்பா கம்பெனியுடையது. அதைக் கழற்றி மடித்து, பெரிய கறுப்புக் குடையோடு சேர்த்து கார் டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன். வேலை போய்விட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்பெனி எடுத்துக்கொடுத்திருந்த அறையும் விடிந்தால் இல்லை. வயிறு மட்டும் நிறைந்திருந்தது. வேலை போனதற்குக் காரணமே அதுதான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், செங்கல் சூளை, திருப்பூரில் பனியன் கம்பெனி, ஏ.டி.எம். வாசலில் காவல் என்று எதிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. சில இடங்களில் அவர்கள் அனுப்பினார்கள். சில இடங்களில் நானாகவே கிளம்பினேன். இந்த வேலையில் மட்டும் தங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மாதச் சம்பளம், தனி அறை, அறையில் ஒரு கட்டில். நாற்பத்தைந்து வயதில் அதுதான் எனக்கென்று கிடைத்த முதல் கட்டில்.

கம்பெனி சென்னையில் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் பெரும் பணக்காரர்களை, மற்ற வெள்ளைக்காரர்கள் போகாத இடங்களுக்குக் கூட்டிப்போவது அவர்கள் தொழில். பெரிய காஞ்சிபுரத்துக் கோபுரங்களை அந்த விருந்தாளிகள் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உண்டு. கூட்டம் இருக்கக் கூடாது, சுற்றுலாப் பலகை இருக்கக் கூடாது, யாரும் எதையும் விற்க வரக் கூடாது. அப்படிப்பட்ட இடங்களைக் காட்டுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. மாகறல் கோயிலுக்கு வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போனால் குருக்களையும் நம்மையும் தவிர ஆள் இருக்காது. ஐஸ் பெட்டியில் நனைத்த துண்டுகளை வைத்துக்கொண்டு, கல் சுடும் பிரகாரத்தில் நடக்கப் புதுக் காலுறைகளை எடுத்துக் கொடுத்து, குடை பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். உண்மையான வேலை வேறு. சுத்தமான கக்கூஸ் கண்டுபிடிப்பது. யாரும் போகாத இடத்தில் அதுவும் இருக்காது.

அப்படித் தேடும்போதுதான் அந்த வீடு கிடைத்தது. திருப்பருத்திக்குன்றத்து ஜைனர் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் உண்டு. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு அவசரம் வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு கதவைத் தட்டினேன். அந்த வீட்டு ஐயா முழங்கால் வலிக்காகக் கக்கூஸை நாற்காலி போல உட்காரும் வகையில் கட்டி வைத்திருந்தார்.

"வரச் சொல்லுபா. இதுக்குப் போயி கேட்டுக்கினு நிக்கிற?" என்றார்.

அதற்குப் பிறகு வந்த விருந்தாளிகள் எல்லாரும் அந்த வீட்டுக்குப் போய்வந்தார்கள். அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என்னிடம் கேட்டார். "ஏம்பா, இவங்க கோயில் பாக்க வர்றாங்களா, எங்க பாத்ரூம் பாக்க வர்றாங்களா?"

இதைச் சிரித்துக்கொண்டே சென்னை ஆபீஸ் மேடத்திடம் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு விருந்து வைக்க முடியுமா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "அவ்ளோ தூரத்துலேருந்து எங்க சாமியப் பாக்க வர்றாங்க. ஒரு வேளை சோறு போட மாட்டமா? ஆனா காசு கீசுன்னு பேசக் கூடாது."

மேடம் போனில் சொன்னார். "அண்ணா, இது இதுவரைக்கும் எந்தக் கம்பெனியும் பண்ணாதது. இந்த கெஸ்ட் ரெண்டு பேருக்கும் பிடிச்சிடுச்சுன்னா அவங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் நம்மகிட்டதான் வருவாங்க. உங்கள பெர்மனன்ட் பண்றது என் பொறுப்பு. சொதப்பினா என்னால எதுவும் பண்ண முடியாது. சொல்லிட்டேன்."

சொதப்பல் அப்போதே ஆரம்பித்திருந்தது. ஜைனர் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி சோற்றோடு போய்விடும், விளக்கேற்றினால் விளக்கில் விழுந்து சாகும், அந்தப் பாவம் வேண்டாம் என்பதற்காக. எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே நான் சென்னைக்குச் சொல்லவில்லை. மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும் என்று யாரும் தனியாக எடுத்துச் சொல்வதில்லையே, அதுபோல. அம்மாவிடம் ஐந்து மணிக்கு வருவார்கள் என்று நானே சொல்லிவிட்டேன்.

விருந்தன்று காலை காரில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பஞ்சில் சுற்றி ஒரு டஜன் பித்தளை விளக்குகள். சாப்பிடும்போது சுற்றிலும் ஏற்றிவைக்க வேண்டுமாம். சென்னையில் அடித்து அனுப்பியிருந்த பயணத் திட்டத் தாளின் கடைசிப் பக்கத்தை அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். ஏழரை மணி என்று இருந்தது.

உடனே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மேடம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிண்ணா, எல்லாத்தையும் முன்னாடி தள்ளிடறேன். அஞ்சரைக்குள்ள அங்க இருப்பாங்க" என்றார்.

விருந்தாளிகள் வயதான கணவன் மனைவி. அவர்கள் ஊர் மிகப் பழைய ஊராம். வீடு அதைவிடப் பழசாம். கூட வந்த கைடு பெண் எனக்குச் சொன்னாள். அவர்கள் ஊரிலும் இப்படி ஒரு கம்பெனி இருக்கிறதாம். பெரிய கோட்டையும் தேவாலயமும் பார்த்து அலுத்துப்போன பணக்காரர்களை இவர்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, இவர்கள் மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்களாம். "அவங்க வீட்டையே சுத்திப் பாக்க டிக்கெட்டாம்ணா" என்று கைடு சிரித்தாள். அந்த நாட்களில் வெள்ளைக்காரர் பின்பக்க அறையில் உட்கார்ந்து ரொட்டி தின்பாராம். அதை அவர் வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

நாலு மணிக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். கால் மணி நேரம்தான் கணக்கு. அங்கே தறியில் புதுப் பாவு நூல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் இழை நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். வெள்ளைக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏதோ சொன்னார்.

"முடியற வரைக்கும் பாக்கறாராம்" என்றாள் கைடு.

நெசவாளர் நிமிராமலே சொன்னார். "முடியறதுக்கு நாளன்னிக்கு ஆவும். பாய் போடவா, கேளு."

கம்பெனியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: விருந்தாளி முன்னால் கைக்கடிகாரம் பார்க்கக் கூடாது. நேரமாகிவிட்டது என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. மணி ஐந்தானது. கைடைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அண்ணா, நான் எப்படிண்ணா சொல்றது? நீங்க போயி ரெடி பண்ணுங்க. நான் எப்படியாவது கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள். எனக்குத் தெரிந்த பத்து ஆங்கில வார்த்தைகளில் சன், டின்னர், கோ மூன்றும் உண்டு. அந்த மூன்றையும் சத்தமாகச் சொல்லியிருந்தால் அவர் எழுந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று சொல்லவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன்.

கூடத்தில் இரண்டு தலைவாழை இலை போட்டு, உப்பு வைத்து, பக்கத்தில் துணியில் வடிகட்டிய தண்ணீர் வைத்திருந்தார்கள். விளக்குப் பெட்டியை அம்மா பிரிக்கவே இல்லை. வாசல் பக்கம் தள்ளி வைத்திருந்தார். ஐயா வாசலில் நின்று எதிர்வீட்டு மாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் அந்தச் சுவரில் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. எனக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை.

கைடுக்குப் போன் போட்டேன். "பத்து நிமிஷம்ணா." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டேன். "எந்திரிச்சிட்டாருண்ணா. இப்ப அந்தம்மா உக்காந்துட்டாங்க."

வெயில் சுவரின் மேல் விளிம்புக்குப் போனது. அம்மா உள்ளே இருந்து வந்தார்.

"ஏம்பா, நீ உக்காரு."

"எங்க?"

"எலையிலதான். வேற எங்க உக்காருவ?"

"ஐயோ, அது கெஸ்ட்டுக்குப் போட்ட எலைமா. இதோ வந்துக்கினே இருக்காங்க."

"வர்றவங்க வரட்டும். பொழுது அவங்களுக்காக நிக்குமா? செஞ்சது ராத்தங்கக் கூடாது. போட்ட எலைய வெறுமனே எடுக்கவும் கூடாது. கையக் கழுவிக்கினு வா."

ஐயா ஏற்கெனவே ஓர் இலைக்கு முன்னால் மணையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். "வாபா. இவகிட்ட வாதாடிக்கினு இருந்தா சூரியன் ஜெயிச்சிடும்."

உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். காலையிலிருந்து ஒரு டீ மட்டும் குடித்திருந்தேன். அதோடு, அந்த அம்மா சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் அந்த வீட்டுக்குள் வருவதில்லை. பருப்பும் நெய்யும், புடலங்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், வெண்டைக்காய் போட்ட மோர்க்குழம்பு, மிளகு ரசம், கடைசியில் பாசிப்பருப்புப் பாயசம். பேசாமல், வேகமாகச் சாப்பிட்டோம். வாசலைப் பார்த்துப் பார்த்து அம்மா பரிமாறினார். நான் பாயசத்தை வழித்துக் குடித்து முடித்தபோது எதிர்ச்சுவரில் வெயில் இல்லை. கை கழுவும்போதுதான் கேட்டேன். "நீங்க சாப்பிடலியா?"

"பரிமாறினது யாரு? எனக்கு ஒரு வேளை போனா ஒண்ணும் ஆவாது. பழக்கம்தான்." மிச்சத்தை ஒரு குண்டானில் கொட்டி மாட்டுக்கு எடுத்துப்போனார்.

கார் வந்தபோது இரண்டு இலைகளும் மடித்தபடி இன்னும் கூடத்திலேயே இருந்தன. நான்தான் எடுத்திருக்க வேண்டும்; எடுக்கவில்லை. வெள்ளைக்கார அம்மாள் முதலில் இலையைப் பார்த்தார், பிறகு கைடைப் பார்த்தார். கைடு என்னைப் பார்த்தாள்.

"யாருண்ணா சாப்பிட்டது?"

"நான்தான்."

"விளையாடாதீங்கண்ணா."

அம்மா அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கைடு மூலமாக நடந்ததை எடுத்துச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக் காலை சூரியன் வந்ததும் வந்தால் புதிதாகச் சமைத்துப் போடுவதாகச் சொன்னார். ஆனால் அவர்களுக்கு அன்றிரவே சென்னையில் விமானம். வெள்ளைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, நான் என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். வாழைக்காய் வறுவலை நான் பொரியல் என்று சொன்னபோது அம்மா, "தின்னுட்டு அது கூடவா தெரில?" என்று திருத்தினார். வெள்ளைக்காரருக்கு அது புரியாமலே சிரிப்பு வந்தது.

அவருக்குக் கோபம் இல்லை. கோபம் சென்னைக்குத்தான். கைடு கொடுத்த போனில் மேடத்தின் குரல் மிக மெதுவாக இருந்தது.

"அண்ணா, கெஸ்ட்டோட டின்னரை நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

இலை போட்டதையும் வெயில் போனதையும் சொல்லலாம் என்று பார்த்தேன். சொன்னால் அந்த அம்மாதான் உட்கார வைத்தார் என்று ஆகும். அந்த வீட்டை அவர்கள் வாயில் போட விருப்பமில்லை. "ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். ஜிப்பாவையும் குடையையும் டிரைவரிடம் கொடுக்கச் சொன்னார், காலைக்குள் அறைச் சாவியை லாட்ஜில் ஒப்படைக்கவும் சொன்னார். கூடத்திலேயே ஜிப்பாவைக் கழற்றினேன். ஐயா எழுந்து பீரோவைத் திறந்தார்.

டிரைவர் கார் கதவோரம் நின்று காதில் சொன்னான். "தலைவா, ஒனக்குப் பாயசம் கிடைச்சுது. எனக்கு அதுவும் இல்ல. நானும் போயிடலாம்னு பாக்கறேன்." ஆனால் அவன் போகவில்லை. போகவும் கூடாது, அவனுக்குக் கடனும் குடும்பமும் இருந்தன. எனக்கு அறையில் ஒரு பைதான்.

பாலத்திலிருந்து பிள்ளையார்பாளையம் வழியாக நடந்தேன். மாலையில் போன அதே வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நெசவாளர் டியூப்லைட் வெளிச்சத்தில் இழை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றதைப் பார்த்தார்.

"இன்னாபா, உங்க ஆளு பாயோட வர்றாரா?"

"போயிட்டாரு. நானும் போயிட்டேன்."

"ஓ," என்றுவிட்டு அடுத்த இழையை எடுத்தார்.

அறைக்குப் போய்ப் பையைக் கட்டி வைத்துவிட்டு, கட்டிலில் கடைசியாக ஒரு தூக்கம் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன் என்றுதான் நினைவு.

விடியும்போது சாவியை லாட்ஜ் மேஜையில் வைத்துவிட்டு ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் நடந்தேன். அங்கே ஆந்திராப் பக்கத்து யாத்திரை பஸ் ஒன்று நின்றிருந்தது. கூரையில் அண்டாக்கள் கட்டியிருந்தன. பின்னால் அடுப்பை இறக்கிவைத்து ஒரு வயதான சமையல்காரர் தனியாக அல்லாடிக்கொண்டிருந்தார். கூட வந்த ஆள் திருத்தணியில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டானாம். லாரியில் போன காலத்தில் கற்ற தெலுங்கு கொஞ்சம் எனக்கு உண்டு. ராமேஸ்வரம் வரை போய்த் திரும்புகிறார்கள், உதவிக்கு வந்தால் மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க பஸ்ஸுக்குள் நடுவழியில் இடம் என்றார்.

அரிவாள்மணையை என் பக்கம் தள்ளி, "கூர்ச்சோ" என்றார். உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு மூட்டை வெங்காயம் இருந்தது.

"இவங்க ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பஸ் நின்னா சாப்பிடுவாங்க."

சரி என்று வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.