ஒரு ஸ்பூன் சர்க்கரை

அமெரிக்காவில், சான்டா கிளாராவில் கலாவதிக்கு ஆபீஸ் வேலை ஒன்று, வீட்டு வேலை இன்னொன்று. இரண்டும் போதாதென்று பக்கத்து வீட்டு டப்பா. அவள் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி, வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டு சச்சிகோ ஆன்ட்டிக்கு ஜப்பானில் நாரா பக்கம். அங்கேயும் வாங்கியதற்குப் பதில் செய்யாமல் விடமாட்டார்கள். நன்றாக மாட்டிக்கொண்டார்கள் இரண்டு பேரும்.

வினை போன வருஷம் ஆரம்பித்தது. தோட்டத்து மரத்தில் காய்த்த பெர்சிமன் பழங்களை ஆன்ட்டி ஒரு டப்பாவில் கொடுத்தார். கலாவதி அதிலேயே முறுக்கு வைத்துத் திருப்பினாள். டப்பா முள்ளங்கி ஊறுகாயோடு வந்தது. இவள் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வைத்தாள். அங்கிருந்து அரிசிமாவு உருண்டை. எப்படி நிறுத்துவதென்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று ஃப்ரீவே நெரிசலில் நொந்து வந்தவளை வாசலில் டப்பா வரவேற்றது. உள்ளே வேகவைத்த பூசணி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு தடவை காலியா குடுத்துரு கலா. ஆன்ட்டி ஒண்ணும் கேஸ் போடமாட்டாங்க," என்றான் கணவன் மதன், சோபாவில் படுத்தபடி.

"நீங்க சொல்லுவீங்க. வெறும் டப்பாவ எப்படிங்க நீட்டறது? நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்க வேண்டாமா?"

ஆனால் மாவு பிசையக் கை வரவில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் ஊரில் செய்வதைச் செய்தாள்: கழுவிய டப்பாவில் ஒரு ஸ்பூன் சர்க்கரை.

ஆன்ட்டி மூடியைத் திறந்து விழித்தார். கலாவதி தலைகுனிந்தபடி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரொம்பக் களைப்பு, எதுவும் செய்ய முடியவில்லை, காலியாகக் கொடுக்கக் கூடாதென்று எங்கள் ஊரில் சர்க்கரை போடுவோம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆன்ட்டி சட்டென்று உள்ளே போனார். போச்சு, கோபம்தான் என்று இவள் நினைத்தாள். அவரோ ஒரு தீப்பெட்டியோடு வந்தார். அவர்கள் ஊரில் வைக்க ஒன்றும் இல்லையென்றால், பாத்திரத்தில் தீப்பெட்டி வைத்துத் திருப்புவார்களாம். அதைப் பல வாரமாக எடுத்தே வைத்திருந்தாராம். இந்தப் பெண் தப்பாக நினைத்துவிடுவாளோ என்ற பயத்தில், வலிக்கிற மணிக்கட்டோடு பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாராம்.

இரண்டு பேரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். கலாவதிக்குச் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. ஆன்ட்டி முதுகைத் தடவிக் கொடுத்தார். கிளம்பும்போது தீப்பெட்டியை அவள் கையில் வைத்தார். டப்பாவைத் தானே வைத்துக்கொண்டார்.

வீட்டில் மதன் இன்னும் சோபாவில்தான் கிடந்தான். கலாவதி தீப்பெட்டியை அவன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"இந்தாங்க. இன்னைக்கு அடுப்பு உங்களுது," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.