உட்காருமுன் ஒரு சொல்

காலை ஐந்தரை மணி. சமையலறை விளக்கைப் போட்டதும் கேஸ் சிலிண்டரில் கட்டியிருந்த சிவப்பு நாடாதான் முதலில் கண்ணில் பட்டது. முந்தின நாள் அது அங்கே இல்லை. கூடத்தில் இன்வெர்ட்டர் சுவிட்சிலும் ஒன்று தொங்கியது.

தம்பி விடுப்பில் வந்திருந்தான். விமானப்படையில் தரைப்பணி. மனைவி இறந்தபின் கருவடிக்குப்பத்து வீட்டில் நான் மட்டும்தான். பத்திரிகை வேலையும் முடிந்துவிட்டது. அவனுடைய பணிக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடாமல் என்னோடு வந்து தங்கிவிடுவான் என்று நம்பி, மாடி அறைக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன்.

"இன்வெர்ட்டருக்கு எதுக்குடா ரிப்பன்? அது பறக்கப்போவுதா?"

"சிரிக்காதண்ணா. வயரு லூசா கீது. எலக்ட்ரீசியன் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"இந்த வூட்ல தொடுறதுக்கு யாருடா இருக்கா?"

அவன் டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டபடி நின்றான். டீயில் ஆடை படிந்தது. அப்போதும் நின்றான்.

"என்னடா?"

"உக்காருன்னு சொல்லுண்ணா."

"உக்காரு."

உட்கார்ந்தான். "எங்க ஷெட்ல இந்தில சொல்வோம். தமிழ்லயும் வேல செய்யுது" என்று சிரித்தான்.

பிறகு அவனாகவே சொன்னான். போர் விமானத்தில் ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு வெளியே வீசிவிடுவதற்கு, அதன் அடியில் வெடிமருந்து வைத்திருப்பார்கள். விமானியின் கால்களுக்கு நடுவே ஒரு வளையம் இருக்கும். இழுத்தால் வெடிக்கும். விமானம் தரையில், ஷெட்டில் நிற்கும்போது அது இழுபடாதபடி ஒரு பாதுகாப்புப் பின்னைச் செருகியிருக்க வேண்டும். அந்தப் பின்னிலிருந்து சிவப்பு நாடா தொங்கும். இருக்கையில் வேலை என்றால் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் ஏணியில் நின்று பின்னைத் தொட்டுப் பார்த்து, உரக்கச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர் உள்ளே கால் வைக்கலாம்.

ஒருநாள், அப்படி உரக்கச் சொல்ல வேண்டியவன் தம்பி. அவன் ஏணியில் பாதிதான் ஏறியிருந்தான். கூட்டாளி மறுபக்கமாக ஏறி, இருக்கைக்கு அடியில் விழுந்திருந்த டார்ச்சை எடுக்க உள்ளே இறங்கிவிட்டான்.

"இருடா, பாக்கலன்னு கத்துனேன். அதெல்லாம் போட்டுருப்பாங்கடான்னான். அவன் பெல்ட்டு வளையத்துல மாட்டிக்கிச்சு."

பின்னை யாரும் செருகியிருக்கவில்லை.

"ஷெட்டுக்குக் கூர இருக்குல்லண்ணா" என்று மட்டும் சொன்னான். டம்ளரை வைத்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டான். அந்தக் காது இப்போது சரியாகக் கேட்பதில்லை.

அந்தச் செய்தி எங்கள் பத்திரிகையிலும் வந்தது, உள்பக்கத்தில், ஒரு பத்தி. பணியின்போது விபத்து, ஊழியர் பலி என்று இருந்தது.

விடுப்பு முடியும்வரை நான் எதுவும் கேட்கவில்லை. தினமும் இரண்டு வேளை "உக்காரு" என்று சொன்னேன். அந்தக் கூடத்தில் வெகுநாளாக நான் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கிளம்புகிற அன்று அவன் பையைக் கட்டும்போது சொன்னேன்:

"மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கேன்டா."

"பாத்தேண்ணா. நல்லாருக்கு." ஜிப்பை இழுத்தான். "ஷெட்ல புதுப் பசங்க வந்துருக்கானுங்க. மாடிப்படி ஏறுற மாரி ஏறுறானுங்க. யாராவது நின்னு சொல்லணும்ல."

பேருந்து நிலையத்தில் காலாப்பட்டு வழியாகச் சென்னை போகும் வண்டி நின்றது. அவன் ஏறிவிட்டான். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். காலியாக இருந்த இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி அவன் நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"என்ன சார், சீட்டுக்குப் பூசை போடுறியா? உக்காரு சார், வழிய வுடு."

உட்கார்ந்தான். வண்டி கிளம்பியது.

வீட்டுக்கு வந்து இன்வெர்ட்டருக்கு ஆள் கூப்பிட்டேன். வயரை முறுக்கிவிட்டு, நாடாவை என்ன செய்வது என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

அடுத்த வாரம் தம்பி போன் செய்தான். கையெழுத்துப் போட்டுவிட்டான். மூன்று வருஷம்.