முதல் விதி 'நீங்கள்'

மன்றத்தில் அவருக்குப் பெயர் அரைப்புள்ளி. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அந்தக் குறியின் அருமை தெரியும். வரிக்கு வரி போட வேண்டும். ஓர் இடத்தில் விட்டால் மொத்தமும் படுத்துவிடும். ஒழுங்காகப் போட்டிருந்தால் ஒருவர் கண்ணிலும் படாது. பொருத்தமாகத்தான் வைத்துக்கொண்டார். என் பெயர் அங்கே இஞ்சி. ஏன் என்று கேட்காதீர்கள், படித்து முடிப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மன்றம் என்றால் கட்டடம், பெயர்ப் பலகை, நாற்காலி எதுவும் இல்லை. இணையத்தில் ஓர் இடம், அவ்வளவுதான். புரோகிராமிங் கற்றுக்கொள்கிறவர்கள் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தைத் தமிழில் எழுதிக் கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். அங்கே சண்டை வராமல் பார்த்துக்கொள்வது அவரும் நானும். இதற்கு மட்டுறுத்துநர் என்று ஒரு பெயர் இருக்கிறது. சொன்னால் பல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும் என்பதால், நான் கூட்டிப் பெருக்குகிற வேலை என்றுதான் சொல்வேன்.

மன்றத்தின் முதல் விதியை எழுதியவர் அவர்தான். யாராக இருந்தாலும், எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும், எல்லோரும் எல்லோரையும் 'நீங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் இது உப்புப் பெறாத விதியாகத் தோன்றியது. போகப் போகத்தான் புரிந்தது. நம் மொழியில் ஒருவரை மட்டம் தட்டக் கெட்ட வார்த்தையே தேவையில்லை, முன்பின் தெரியாதவரைப் பார்த்து ஒரு 'நீ' போதும். 'நீங்கள் ஒரு மடையர்' என்று எழுதிப் பாருங்கள், எழுதும்போதே சிரிப்பு வந்து கையை எடுத்துவிடுவீர்கள்.

விதியை மீறினால் அவர் உடனே அடிதடியில் இறங்க மாட்டார். அந்தப் பதிலை மறைத்து வைத்து, எழுதியவருக்கே தனியாக அனுப்பி, 'எதிரில் அவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்' என்பார். முக்கால்வாசிப் பேர் திருத்தி அனுப்பிவிடுவார்கள். நானாக இருந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அவருடைய பொறுமை எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

அவர் பிழைப்புக்குப் பார்க்கிற வேலையும் பொறுமையை விற்கிற வேலைதான். ஒரு லிப்ட் கம்பெனியில் புகார் எடுக்கிறார். லிப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் போனில் கத்துவார்கள். "பதறாதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டார், நான் லைன்லயே இருக்கேன்" என்று இவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கதவு திறந்த மறுகணம் லைன் கட்டாகிவிடும். நன்றி சொல்ல யாருக்கும் தோன்றாது, தோன்றினாலும் அது மெக்கானிக்குக்குத்தான் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனி இருக்கிற கட்டடத்துக்கே லிப்ட் கிடையாது. மூன்று மாடி மூச்சு வாங்க ஏறிப் போய்த்தான் லிப்ட்டில் நிற்பவர்களுக்குத் தைரியம் சொல்கிறார்.

ஒருமுறை சொந்த வேலையாக அவர் ஊருக்குப் போனவள், அவர் அறைக்கும் போனேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவரும் அதில் இறங்குகிற குழாய்களும் தெரிந்தன. மேஜை, கம்ப்யூட்டர், கட்டில், இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே இருந்தது. நான் உட்கார்ந்ததும் அது சரசரவென்று சத்தம் போட்டது. அவர் கூச்சத்தோடு அதைப் பிரிக்க வந்தார், நான் வேண்டாம் என்றேன். இருந்த ஒரே டம்ளரில் எனக்கு டீ கொடுத்துவிட்டு, தனக்கு அரிசி அளக்கிற கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார்.

"யாராவது வர்றதுண்டா சார்?" என்று கேட்டேன்.

"தண்ணி கேன் போடுறவர் வருவார் மேடம். ரொம்ப நல்ல மனுஷன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் அது ஜோக் இல்லை என்று எனக்கு உறைத்தது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் கூடி வரவில்லை. அப்பா போனார், பின்னாலேயே அம்மாவும் போனார். மாமா மகன் ஒருவர் உண்டு, எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால் 'வாங்க, நல்லா இருக்கீங்களா' என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். ஆபீசில் சார், வீட்டுக்காரருக்கும் சார். மன்றத்தில் கேட்கவே வேண்டாம், ஐந்தாயிரம் பேரும் 'நீங்கள்'. அந்த விதியை எழுதியவரே இவர்தானே.

ஒரே ஒருவன் மட்டும் விதிவிலக்கு. அவன் பெயர் கட்டெறும்பு. மன்றத்துக்குள் அவனையும் 'நீங்கள்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். இங்கே என் வாய் என் இஷ்டம்.

மன்றத்தை ஆரம்பித்தது அரைப்புள்ளியும் கட்டெறும்பும் சேர்ந்துதான். கம்ப்யூட்டர் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே அறையில் இருந்தவர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். ஒருவர் தூங்கும்போது மற்றவர் தட்டுவாராம். பிறகு கட்டெறும்பு வெளிநாட்டில் பெரிய வேலைக்குப் போனான். வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ளவில்லை. போனில் பேசுவது அவனுக்குப் பிடிக்காதாம். மன்றம் ஒன்றுதான் பாக்கி.

அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நாலு பேர் நாள் பூராவும் மண்டையை உடைத்துக்கொள்கிற சிக்கலை ஒரே வரியில் அவிழ்த்துவிடுவான். அடுத்த வரியிலேயே கடிப்பான். 'பால் கறக்கிற மாடு உதைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்' என்று மன்றத்துப் பெரிய மனிதர்கள் சிலர் சொல்வார்கள். உதை வாங்கியவர் ஒருவர்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அரைப்புள்ளியை மட்டும் வேறு மாதிரி கடிப்பான். 'டேய் அரை, மூணாவது வரி தப்புடா. அரைவேக்காடு.' எல்லோரும் பார்க்கிற இடத்தில் இப்படி எழுதுவான். விதிப்படி அதையும் மறைக்க வேண்டும். நான் மறைக்கப் போனால், 'இருக்கட்டும் மேடம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அவரிடமிருந்து செய்தி வரும். காலையில் விழுந்த 'டேய்' சாயங்காலம் வரை அங்கேயே கிடக்கும். அவர் வேலை முடிந்து வந்து, இன்னொரு தரம் படித்துவிட்டு, அப்புறம்தான் மறைப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்தார். பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டவர், அவர்கள் பெரியவர்களானதும் மறுபடி வேலைக்குப் போகலாம் என்று படிக்க ஆரம்பித்திருந்தார். முதல் கேள்வியை இப்படி எழுதினார்: 'மன்னிக்கவும், இது முட்டாள்தனமான கேள்வியாக இருக்கலாம். என் புரோகிராம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கே தப்பு?'

கட்டெறும்பு பதில் போட்டான்: 'கேள்வியில் தப்பில்லை. கேட்கிற தலையில்தான் தப்பு. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையை நீ கூட்டவே இல்லை, அப்புறம் அது எப்படி நிற்கும்? உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?'

விடை என்னவோ சரிதான். அந்த அம்மா திருத்திப் பார்த்திருக்கிறார், ஓடியிருக்கிறது. கீழே எழுதினார்: 'நன்றி. சரியாகிவிட்டது. என் வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டார்.' எழுதிவிட்டுத் தன் கணக்கை மூடிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே அரைப்புள்ளிக்குப் போன் போட்டேன்.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன் மேடம். மறைச்சுட்டேன்."

"மறைச்சா போதுமா? வேற யாராவது இப்படி எழுதியிருந்தா எப்பவோ வெளிய அனுப்பியிருப்போம். ஊருக்கு மட்டும்தான் உபதேசமா?"

"அவன்கிட்ட பேசிப் பாக்கறேன்."

"இன்னும் எத்தனை தடவை பேசுவீங்க?"

"மேடம், ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. எங்க அம்மா போனதுக்கப்புறம் என்னை 'டா' போட்டுக் கூப்பிட அவன் ஒருத்தன்தான் இருக்கான்."

"லிப்ட்ல மாட்டுறவங்க கூப்பிடறாங்களே" என்றேன். என் வாய் அப்படி.

"அது லிப்ட்டைத் திட்டுறது மேடம். என்னை இல்ல."

ஆனாலும் என் கோபம் போகவில்லை. "உங்களுக்கு ஒரு 'டா' வேணும்னு அந்தம்மா வேலைக்குப் போகாம இருக்கணுமா சார்?" என்று கேட்டேன்.

"நியாயம்தான்" என்றார். போனை வைத்தோம்.

ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் நாங்கள் இருவரும் சம்மதிக்க வேண்டும். என் சம்மதத்தைக் கையோடு போட்டுவிட்டேன். அவருடையது காலியாக இருந்தது. அவர் கட்டெறும்புக்குத் தனியாக எழுதினார். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதிலை எனக்கும் அனுப்பினார்: 'டேய் அரை, நான் என்னடா பொய்யா சொன்னேன்? கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக்கொடுக்க நான் என்ன நர்சரி ஸ்கூலா நடத்தறேன்? நீ இன்னும் மாறவே இல்லடா. என்னைத் தூக்கணுமா? தூக்கு பாக்கலாம்.'

மறுநாள் லிப்ட் கம்பெனியிலிருந்து வந்தார், சம்மதம் போட்டார். 'விதி எல்லோருக்கும் பொது' என்று ஒரே வரியை எல்லோரும் பார்க்க எழுதினார். கட்டெறும்பின் பெயர், வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஆகிற மாதிரி, சாம்பல் நிறமாகிவிட்டது. கொட்டினால்தான் தேள், இல்லாவிட்டால் பிள்ளைப்பூச்சி என்பார்கள். அவர் கொட்டியதும் மன்றம் கப்சிப்பென்று ஆனது. கறக்கிற மாட்டுப் பெரிய மனிதர்கள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிட்டார்கள்.

அரைப்புள்ளி அந்த அம்மாவுக்கும் மின்னஞ்சலில் எழுதினார். அந்தம்மா வேறு பெயரில் திரும்பி வந்து அடுத்த கேள்வியைக் கேட்டார், இந்தத் தடவை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதுவரை வாயே திறக்காமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் பலர் எழுத ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் அரைப்புள்ளி பதில் எழுதினார். 'மிக்க நன்றி ஐயா', 'உங்கள் பொறுமைக்கு வணக்கம் அண்ணா' என்று வந்து குவிந்தன.

ஆனால் எனக்குத் தெரியும், அவர் அவற்றுக்காக உட்கார்ந்திருக்கவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் எங்களுக்கு எழுத ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பெரும்பாலும் வசவுதான் வரும். கடைசியாக யார் திறந்தார்கள் என்று அந்தப் பெட்டியே காட்டும். நான் எப்போது போனாலும் எனக்கு முன்னால் அவர் திறந்து பார்த்திருந்தார். திட்டாவது திட்டட்டும் என்று காத்திருந்தார்.

"போன் பண்ணிப் பாருங்களேன் சார்" என்று நானே சொன்னேன்.

"பண்ணினேன் மேடம். எடுக்கல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் கடிதம் வந்தது.

'மதிப்பிற்குரிய மட்டுறுத்துநர் அவர்களுக்கு, தங்கள் முடிவு சரியானது. என் பதில் தவறு. அந்த அம்மையாரிடம் என் வருத்தத்தைத் தெரிவித்துவிடுங்கள். மன்றத்தைத் தாங்கள் தொடர்ந்து சிறப்பாக நடத்த வாழ்த்துகள். நன்றி.'

படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டெறும்பு மன்னிப்புக் கேட்டுவிட்டான்! யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. போன் போட்டேன்.

"சார், பாத்தீங்களா? நீங்க ஜெயிச்சுட்டீங்க!"

"பாத்தேன் மேடம்."

"தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டாரே சார்!"

"ஆமா. நல்லா எழுதியிருக்கான். 'தாங்கள்'னு போட்டிருக்கான் மேடம்."

அப்போதுதான் நான் அந்தக் கடிதத்தை அவர் படித்த மாதிரி படித்தேன். கோபத்தில் எழுதினானா, திருந்தி எழுதினானா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவர் போனை வைக்கவில்லை. பக்கத்து அறை டிவியில் யாரோ செய்தி வாசிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. லைனிலேயே இருந்தார், நானும் இருந்தேன். ஒரு 'டா' போட்டு ஏதாவது பேசிவிடலாமா என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். தொண்டை வரைக்கும் வந்தது. ஊரோடெல்லாம் வாயாடுகிற என் வாய்க்கு அந்த ஓர் எழுத்து வரவில்லை. என்னைவிடப் பெரியவர். இத்தனை வருஷமாக சார். நான் சொன்னாலும் அது அவன் சொல்கிற மாதிரி ஆகாது.

"சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஆச்சு மேடம்" என்றார். "நீங்க?"