நல்லிசோமிக்கு இருபத்திரண்டு

“சார், பாட்டனி டீச்சர் போயிட்டாங்க.” பள்ளி உதவியாளரின் போன் வந்தபோது அரியலூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். மாற்றலாகிப் போகிறார் என்று நினைத்து, “எந்த ஊருக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

செல்வராணி டீச்சரும் நானும் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே பள்ளியில் இருந்தோம். அவர் தாவரவியல், நான் விலங்கியல்.

ஒரு திருப்புதல் தேர்வின்போது அவர் விடுப்பில் இருந்தார். தாவரவியல் விடைக்குறிப்பை நானே தயாரித்துக் கொடுத்தேன். ஊமத்தைச் செல்லில் இருபத்து நான்கு குரோமோசோம்கள். நல்லிசோமி நிலையில் எத்தனை? அவசரத்தில் ஒன்றைக் கழித்து இருபத்து மூன்று என்று போட்டேன். அந்தக் குறிப்பு பக்கத்துப் பள்ளிகளுக்கும் போனது.

வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து படித்த ஜெனிபர் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தாள். தாளைத் திருத்தியதும் நான்தான்; தப்பு போட்டேன். “சார், இது சரிதானுங்களே?” என்றாள். “கீ போட்டவங்களவிட நீ பெரிய ஆளா?” என்று பாடவேளை முழுவதும் நிற்க வைத்தேன்.

மறுநாள் டீச்சர் வந்தார். ஒரு தாளில் பன்னிரண்டு ஜோடிக் கோடுகள் போட்டு ஒரு ஜோடியை அடித்துக் காட்டினார். “ஜோடியே காணாமப் போச்சுன்னா ரெண்டும்தானே போவுது சார்? ஒண்ணு மட்டும் போனா அது மோனோசோமி. அதுக்குத்தான் இருபத்து மூணு.” குரலில் கோபமே இல்லை.

மற்ற பள்ளிகளிலிருந்து புகார் வந்தது. தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் அழைத்து, யார் தயாரித்தது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். “நான்தாங்க சார்” என்றார் டீச்சர். அவருக்கு மெமோ கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் சொன்னார்: “உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு. அத வுடுங்க. அந்தப் புள்ளகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் சக ஆசிரியர் ஒருவர் அன்போடுதான் பேசினார்: “அவங்களே ஒரு தடவ நல்லிசோமில கோட்டை வுட்டுட்டாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை சிறுவாச்சூரில் அவர் வீட்டுக்குப் போய் அவருடைய கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே சார்” என்றார்.

அதனால்தான் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். அந்தப் பிழை என்னுடையது. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் சொல்லச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். ஜெனிபர் இப்போது திருச்சியில் நர்ஸ். நேற்று போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

“கேள்வி மறந்துபோச்சுங்க சார்” என்றாள். “நின்னது ஞாபகம் இருக்கு.”