மாமாவுக்கு நன்றி சொன்ன ஞாயிற்றுக்கிழமை

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எட்டு வீடுகள் இருக்கின்றன. எதற்கும் எண் கிடையாது. ஜெர்மனியில் பெரும்பாலும் இப்படித்தான். வாசல் கதவோரம் அழைப்பு மணிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் விரல் அகலத்தில் ஒரு பெயர்ச்சீட்டு. பெயர் இருந்தால் கடிதம் வரும். இல்லாவிட்டால் நீங்கள் அங்கே குடியிருக்கவே இல்லை என்று தபால்காரர் முடிவுகட்டிக் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். இங்கே குடும்பப் பெயருக்குத்தான் மதிப்பு என்பதால் என் அப்பா பெயரான கலியபெருமாளை ஒட்டப் போனேன். அது சீட்டில் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கி, இன்னும் சிறிதாக்கி, கடைசியில் எறும்பு ஊர்ந்தமாதிரி ஒட்டி வைத்தோம். பல் மருத்துவரிடம் போனால் "ஹெர் கலியபெருமாள்" என்று 'திரு' போட்டுக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரான செந்துறையிலிருந்து அப்பா எப்போது வந்தார் என்று நான் இன்றைக்கும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.

பெயருக்கு இவ்வளவு மரியாதை உள்ள நாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பெயரை விட்டதால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு யூடியூப் சேனல் நடத்தும் சக தொழிலாளர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

எனக்கு வேலை, ரொட்டி சுடும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரே கடையை அடைத்துப் படுத்துவிடும். சுவரில் ஆணி அடித்தால்கூடப் புகார் வரும். பொழுது போகாமல் ஆரம்பித்ததுதான் 'செந்துறை டு ஜெர்மனி'. முதலில் பனி விழுவதைப் போட்டேன். பிறகு ரயிலைப் போட்டேன். பிறகு முந்நூறு வகை ரொட்டி உள்ள கடையைப் போட்டேன். பத்தொன்பது பேர் பார்த்தார்கள். அதில் ஏழு தடவை பார்த்தது நான்.

அந்தச் சமயத்தில் என்னைக் கைதூக்கிவிட்டவர் சாமிதுரை மாமா. என் அக்கா செல்வராணியின் வீட்டுக்காரர். செந்துறைப் பக்கத்தில் முந்திரிக்காடும் கொஞ்சம் மக்காச்சோளமும் வைத்திருக்கிறார். காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்தால், யாராக இருந்தாலும் "போனக் குடு" என்று வாங்கி, என் சேனலைத் தேடி, சப்ஸ்கிரைப் பொத்தானை அமுக்கி, மணியையும் அமுக்கித்தான் திருப்பிக் கொடுப்பார். அரியலூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள், உர மூட்டை வாங்க வந்தவர்கள், ஜாதகம் கொண்டுவந்த தரகர் என்று ஒருவரையும் விடவில்லை. என் முதல் முந்நூறு நேயர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் நேயர்கள் என்பதே தெரியாது.

சேனல் உண்மையில் சூடு பிடித்தது வேறொரு விஷயத்தால். ஒரு ஞாயிறு, கருத்து எழுதியிருந்த மூன்று பேரின் பெயரை ஊரோடு சேர்த்து வாசித்து நன்றி சொன்னேன். மறுநாள் முப்பது பேர், "அண்ணா எங்க ஊரையும் சொல்லுங்க" என்று எழுதினார்கள். அதையும் வாசித்தேன். மூன்று மாதத்தில் என் வீடியோவில் நாலு நிமிடம் ஜெர்மனியும் பதினைந்து நிமிடம் பெயரும் என்று ஆகிவிட்டது. கல்லங்குறிச்சிக் கோயில் கலியபெருமாள் புண்ணியத்தில் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு கலியபெருமாள். வெறுமனே 'கலியபெருமாள்' என்று வாசித்தால் எந்தக் கலியபெருமாள் என்று சண்டை வரும். ஆகவே ஊர், தெரு, தகப்பனார் பெயர் எல்லாம் சேர்த்து வாசிக்க வேண்டும். குன்னம், வேப்பந்தட்டை, ஜெயங்கொண்டம் என்று பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்து இரண்டு மாவட்டமும் வரிசையில் நின்றது. பனியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கல்யாணப் பத்திரிகையை மடிப்பு மடிப்பாக அடித்து, கடைசி ஒன்றுவிட்ட பங்காளி வரை பெயர் போடுகிற ஊர்க்காரன் நான். என் சித்தப்பா ஒருவரின் பெயர், ஒரு பத்திரிகையில் இரண்டாவதாக வரவேண்டியது மூன்றாவதாக வந்துவிட்டது. அவர் அந்தக் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் மோர் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, "நான் அந்தக் கல்யாணத்துக்கே போகல" என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனையும் தெரிந்த நான்தான், பத்தாயிரம் நேயர் சேர்ந்ததற்காகப் போட்ட சிறப்பு வீடியோவில், நூற்று எழுபது பெயரை வாசித்துவிட்டு சாமிதுரை மாமா பெயரை விட்டேன்.

அன்று சாயங்காலமே அக்காவின் போன் வந்துவிட்டது. "என்னாடா தம்பி, ஊருல உள்ள நண்டு சிண்டு பேரெல்லாம் சொன்ன, ஒங்க மாமா பேரக் காணும்?"

"அவரு நம்ம வூட்டு ஆளுக்கா. அவருக்குப் போயி..."

"அத அவருகிட்ட சொல்லு. முழுசும் உக்காந்து பாத்துட்டு, போனக் கவுத்து வச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. சோறும் சரியாத் திங்கல."

வீட்டு ஆள் என்பதால் விட்டேன் என்று அக்காவிடம் சொன்னேனே தவிர, உண்மை அதுவல்ல. மறந்துபோனேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. விஷயம் அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடிக்க மாமா அரியலூர் போகவேண்டிய நேரம். நான் அவளுக்கு ஒரே தாய்மாமன். மாமா அந்தக் கோபத்தோடு அச்சகத்தில் போய் உட்கார்ந்தால் என் பெயர் என்ன ஆகும்?

அடுத்த ஞாயிறு பரிகாரத்தில் இறங்கினேன். கட்டடத்துக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவான ஒரு தோட்டம் உண்டு. அங்கேதான் படம் பிடிப்பேன். கீழ் வீட்டில் ஃபிராவ் லாங்கே என்ற அம்மையார் தனியாக இருக்கிறார். சில வாரங்களாக, நான் பெயர் வாசிக்கத் தொடங்கினால் அவர் ஜன்னலுக்கு வந்து, கையைக் கட்டி, தலையைக் குனிந்து நிற்பார். என் தமிழுக்கு இங்கேயும் ஒரு ரசிகை கிடைத்துவிட்டார் என்று நான் மிதப்பில் இருந்தேன். அன்று அவர் சிவப்புக் கண்ணாடிக்குள் எரியும் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மாமாவுக்கு நல்ல சகுனம் என்று நினைத்து, விளக்கு நன்றாகத் தெரியும்படி கேமராவைத் திருப்பி வைத்து நேரலையைத் தொடங்கினேன். முதல் பெயராக மாமா பெயரைச் சொன்னேன். எட்டு வருடமாக எதற்கெடுத்தாலும் 'டாங்கே' என்று நன்றி சொல்லிப் பழகிய வாய். திரு. சாமிதுரை அவர்கள் செய்த உதவிகளுக்கு மனமார்ந்த நன்றி, என்றும் கடமைப்பட்டுள்ளேன் என்று மூன்று நிமிடம் பொழிந்தேன். பேசி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

மற்ற பெயர்களையும் வாசித்து முடித்ததும், அதைப் பார்த்திருந்த ஃபிராவ் லாங்கே மறுபடி வந்தார். என் தோளைத் தொட்டார்.

"முதலில் சொன்னவர் உங்களுக்கு மிகவும் நெருக்கமானவரா?"

"என் அக்கா கணவர்."

"இத்தனை பேர், ஒவ்வொரு வாரமும். உங்கள் ஊரில் அப்படி என்ன நடந்தது? ஏதாவது விபத்தா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இங்கே நவம்பரில் ஒரு ஞாயிறு, அந்த வருடம் இறந்துபோனவர்களின் பெயர்களைத் தேவாலயத்தில் ஒவ்வொன்றாக வாசித்து விளக்கேற்றுவார்கள். அவர் கொண்டுவந்தது கல்லறையில் வைக்கிற விளக்கு.

"இல்லை இல்லை, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். லைக் போட்டிருக்கிறார்கள்" என்றேன்.

"அப்படியானால் எதற்கு அழுதீர்கள்?" என்று அவர் கேட்டுவிட்டு, மெழுகுவத்தியை ஊதி அணைத்து எடுத்துக்கொண்டு போனார்.

வீடியோவை அழித்துவிடலாம் என்று ஓடினேன். அதற்குள் நானூறு பேர் பார்த்திருந்தார்கள். அழித்தால் மாமாவுக்குப் பிறகு வாசித்த தொண்ணூறு பெயரும் போகும். தொண்ணூறு வீட்டுச் சண்டை வரும். கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே அக்காவின் போன்.

"ஏன்டா, உசுரோட இருக்குற மனுசனுக்கு வெளக்கு ஏத்தி வச்சு, கண்ணக் கசக்கிக்கிட்டு, கடமைப்பட்டிருக்கேன்னு பேசுறியே, நீ என்ன எரங்கல் கூட்டமா நடத்துற?"

"அக்கா, அந்த வெளக்கு..."

"வெளக்கக்கூட அவரு பெருசா எடுத்துக்கலடா. 'தேங்ஸ் சொல்றான் பாரு எனக்கு, திரு சாமிதுரை அவர்களாம். நான் என்ன அசலாளா?'ன்னு கேட்டுட்டு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பத்திரிகையில ஒன் பேரப் போடுறதப் பத்திப் பேச்செடுத்தா, 'அவுக பெரிய ஆளு, நம்ம பத்திரிகைக்கெல்லாம் வருவாகளா'ங்குறாரு."

மறுநாளிலிருந்து சேனலில் நேயர் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. ஒரே நாளில் நாற்பது பேர். டீக்கடையில் மாமா மறுபடி எல்லார் போனையும் வாங்குகிறார் என்று தகவல் வந்தது.

இதைச் சிரிப்பாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முதல்முறை ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அரியலூர் ஸ்டேஷனுக்கு மாமாதான் வந்தார். என் பெட்டியை யாரும் எடுத்துவிடக்கூடாது என்று ரயிலுக்குள் ஏறி, சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ரயில் கிளம்பிவிட்டது. டிக்கெட் இல்லாமல் விருத்தாசலம் வரைக்கும் வந்து, அங்கே இறங்கி, பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தார். இறங்கும்போது, "பரவால்லடா, இன்னும் கொஞ்ச நேரம் கூட இருந்தமாரி ஆச்சு" என்றார். அன்று நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை.

மாமா என் போனை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் குன்னத்துக்காரி. "கும்புடுறேன், நீங்க மன்னிப்பும் கேக்க வேணாம், நன்றியும் சொல்ல வேணாம். வூட்டு ஆளுன்னா வூட்டு ஆளுமாரி சண்ட போடுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு பெயர்ப் பட்டியலும் இல்லை, ஜெர்மனியும் இல்லை. கேமராவைப் பார்த்து, "சாமிதொர மாமா, நீங்க இதப் பாக்குறது எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தேன். அவர் அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அவருக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி கால் முறிந்து, மாப்பிள்ளை தரையில் மல்லாந்துவிட்டார். ஆனால் கையில் இருந்த காபி ஒரு சொட்டுச் சிந்தவில்லை. படுத்த வாக்கிலேயே மிச்சக் காபியையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். காபியையே சிந்தாதவன் என் பெண்ணையா சிந்தப்போகிறான் என்று அப்பா அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டார். "அந்த ஒடஞ்ச சேரு இன்னும் எங்க வூட்டுப் பரண்ல இருக்கு மாமா. பத்திரிகையில தாய்மாமன் பேரு இல்லாம மட்டும் போவட்டும், அதக் கொண்டாந்து மணவறையில போட்டு ஒங்களத்தான் உக்கார வைப்பேன்" என்று முடித்தேன்.

அதைப் போல ஒரு வீடியோ நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. இரண்டு நாளில் லட்சம் பேர் பார்த்தார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் "மாமா, அவரு பேரப் போட்டுருங்க" என்று எழுதினார்கள். நான் அதையெல்லாம் படிக்கவே இல்லை. மாமா சிரித்தாரா என்று அக்காவிடம் கேட்டேன். "தெரியலடா. காட்டுக்குப் போயிட்டாரு. தனியா நின்னு தோளக் குலுக்கிக்கிட்டு இருந்தாருன்னு பக்கத்துக் காட்டுக்காரன் சொன்னான். சிரிச்சாரா, கோவமான்னு அவனுக்கும் தெரியல" என்றாள். அதன் பிறகு பதினாறு நாள் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பதினேழாம் நாள் தபாலில் ஒரு உறை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். மேலே மாமாவின் கையெழுத்தில், 'திரு. க. தமிழ்ச்செல்வன் குடும்பத்தார்' என்று தமிழிலும், கீழே வாசல் சீட்டில் உள்ள அப்பா பெயரோடு ஜெர்மன் முகவரி ஒவ்வோர் எழுத்தாக வரைந்தும் இருந்தது. உள்ளே கார்த்திகாவின் கல்யாணப் பத்திரிகை. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே, எல்லாப் பெயருக்கும் முதலில், தாய்மாமன் என்று என் பெயர். மற்றவர்களுக்குப் படிப்புப் போடுகிற இடத்தில் எனக்கு 'செந்துறை டு ஜெர்மனி' என்று போட்டிருந்தார்.

உடனே போன் போட்டேன். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க மாமா. தாய்மாமனுக்குப் போயி யாராச்சும் தபால்ல பத்திரிகை அனுப்புவாங்களா? நான்தான அழைக்கிறவன், எனக்கே அழைப்பா?"

"அழைக்கிறவன் இங்க உள்ள தமிழ்ச்செல்வன்டா. வரவேண்டியவன் அங்கல்ல இருக்கான். அவனுக்கும் மொறையா வைக்கணும்ல? இல்லன்னா எனக்குப் பத்திரிகையே வைக்கலன்னு அதுக்கொரு வீடியோ போடுவ." சொல்லிவிட்டு, வழக்கம்போல, வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உறையையும் பத்திரிகையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் ஒரு தமிழ்ச்செல்வன் மண்டப வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உறையில் இருந்த தமிழ்ச்செல்வன், கல்யாண வாரத்தில் விடுப்புக் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.