வலது கையால் ஓர் அகரம்

புத்தூரில் பிரசாந்தியைத் தெரிந்தவர்களுக்கு அவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சட்டை தைக்க வரும் பிள்ளைகளிடம், "ரண்டு கையையும் தூக்குங்கோ பாப்பம்," என்பாள். பிள்ளைகள் தூக்குவார்கள். அளவெடுக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் அந்தக் கைகள் மேலேயே நிற்கும். நாடாவைப் பிடித்தபடி அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். "காணும் அன்ரி, கை நோகுது," என்று ஒன்று சிணுங்கும்போதுதான் நாடாவைச் சுற்றுவாள்.

அவளுடைய மகள் ஆரபியின் வலது கை தோளுக்கு மேலே போவதில்லை.

ஆரபி வயிற்றில் இருந்தபோது பிரசாந்திக்கு இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் இருந்தது. பிள்ளை அளவுக்கு மிஞ்சிப் பெருக்கும், கவனம் என்று கிளினிக்கில் மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். பிரசவத்துக்குப் போன தனியார் ஆஸ்பத்திரியில் அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. தலை வந்தபின் தோள் சிக்கிக்கொண்டது. டொக்டர் இழுத்தார். பிழையாக இழுக்கிறார் என்று பிரசாந்திக்குப் பட்டது. ஆனால் அந்த நிலையில் படுத்துக்கிடந்துகொண்டு ஒரு டொக்டரை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பிள்ளையின் கை துவண்டு தொங்கியது.

"பெரிய பிள்ளையளுக்கு உப்பிடி வாறதுதான் அம்மா. தானாச் சரிவரும்," என்றார் டொக்டர்.

அந்தக் கையை எப்படிப் பிடிப்பது, திரும்ப எப்போது காட்டுவது, சரிவராவிட்டால் எங்கே போவது என்று ஒன்றும் சொல்லவில்லை. தானாகச் சரிவரும் என்று பிரசாந்தியும் கணவன் ஜெயரூபனும் காத்திருந்தார்கள். பிள்ளைக்கு ஒரு வயது கடந்தபின் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, கழுத்தடி நரம்புகள் இழுபட்டுவிட்டன என்றார்கள். முதல் சில மாதங்களில் வந்திருந்தால் ஒப்பரேசன் செய்து பார்த்திருக்கலாம் என்றார்கள்.

ஜெயரூபன் பிரசவம் பார்த்த டொக்டரிடம் கேட்கப் போனான். "பிள்ளை உயிரோடை இருக்கெல்லோ, அதைப் பாருங்கோ," என்ற பதிலோடு வந்தான். மேலிடத்துக்கு முறைப்பாடு கொடுத்தான். விசாரிக்கிறோம் என்றார்கள். இன்னும் விசாரிக்கிறார்கள்.

பிரசாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குக் கைப்பயிற்சிக்கு ஏறி இறங்கினாள். மெல்ல மெல்ல முழங்கை பாதி மடிந்தது. விரல்கள் ஒரு துணித்துண்டைப் பிடித்தன. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

மூன்று வயதில் வந்த விசயதசமிக்கு ஆரபிக்கு ஏடு தொடக்கியிருக்க வேண்டும். கோயிலில் ஐயர் பிள்ளையின் வலது கை விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் அ எழுதுவிப்பார். "வாற வருசம் பாப்பம், கை இன்னும் கொஞ்சம் வரட்டும்," என்றாள் பிரசாந்தி. ஏடு தொடக்காத பிள்ளைக்குப் பென்சில் கொடுக்கக் கூடாது என்று முன்பள்ளியிலும் சொல்லிவைத்தாள். அடுத்த விசயதசமியையும் அப்படியே போகவிட்டாள்.

ஒருநாள் முன்பள்ளி ரீச்சர் தயாளினி வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, மற்றப் பிள்ளையள் படம் கீறுதுகள். இவ பாத்துக்கொண்டு இருக்கிறா. இடக்கையிலை ஒரு பென்சிலைக் குடுக்கட்டே?"

"ஏடு தொடக்காமல் என்னெண்டு ரீச்சர் குடுக்கிறது?"

"அப்ப தொடக்குங்கோவன்."

"வலக்கை வரட்டும்."

"உது வாறதுக்குள்ளை ஆரபிக்குத் தாவணி தைக்கப் போறியள்!"

பகிடியாகத்தான் சொன்னாள். பிரசாந்தி சிரிக்கவில்லை. தயாளினி தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போனாள். அன்று பின்னேரம் ஜெயரூபன், "ரீச்சர் சொன்னதிலை என்ன பிழை? கை மட்டுமே சும்மா இருக்குது? பிள்ளையுமெல்லே சும்மா இருக்குது," என்றான்.

அந்த வருச விசயதசமிக்கு ஏடு தொடக்கக் கோயிலுக்குப் போனார்கள். போவதற்கு முன் பிரசாந்தி ஒவ்வொரு நாளும் தாம்பாளத்தில் அரிசி பரப்பி, ஆரபியின் வலக்கையைப் பிடித்து எழுதிப் பழக்கினாள். ஒரு எழுத்து. அந்தக் கையால் ஒரேயொரு எழுத்து வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கோயிலில் சரியான சனம். ஐயர் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். ஜெயரூபன் மடியில் வைத்திருந்த ஆரபியின் வலக்கையை, மற்றப் பிள்ளைகளின் கையைப் போலவே, எட்டிப் பிடித்துத் தாம்பாளத்துக்கு இழுத்தார்.

"இழுக்காதேங்கோ!"

பிரசாந்தியின் குரல் வெளிவீதிவரை கேட்டிருக்கும். சனம் திரும்பிப் பார்த்தது.

"ஐயா, பிள்ளைக்கு அந்தக் கை ஏலாது," என்றான் ஜெயரூபன்.

"அப்ப மற்றக் கையாலை எழுதட்டுமன். உதுக்கேன் இந்தச் சத்தம்?" பின்னால் யாரோ ஒரு மனிசி முணுமுணுத்தாள்.

ஐயர் கையை விட்டார். "எனக்குத் தெரியாது பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்களே பிடியுங்கோ."

அந்தக் கையை இழுத்தவர்களில் மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பிரசாந்தி நிலத்தில் அமர்ந்தாள். ஒரு கையால் ஆரபியின் முழங்கையைத் தாங்கி, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகக் கொண்டுபோனாள். அரிசியில் அ வந்தது. வளைவு, சுழி, கோடு எல்லாம் சரியாக வந்தன. ஆனால் மெஷினுக்குக் கீழே துணி போவதுபோல, தான் தள்ளிய பக்கமெல்லாம் அந்த விரல் போனதை அவள் உணர்ந்தாள். எழுதியது பிள்ளை அல்ல.

அடுத்த எழுத்தான ஆவன்னாவுக்கு அவள் தன் கைகளை எடுத்துவிட்டாள்.

விரல் அரிசியில் அப்படியே நின்றது. ஐயர் பொறுத்திருந்தார். பின்னால் நின்ற சனமும் பொறுத்திருந்தது. ஒரு அரிசி விலகினாலும் போதும்.

ஆரபி தாயைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு தன் இடக்கையால், தாய் பிடித்ததுபோலவே, வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அரிசி சிதறியது. கோணலாக ஒரு கோடு விழுந்தது. பிரசாந்தி உதவப் போனாள்.

"விடுங்கோ அம்மா. நான் பிடிக்கிறன்."

பிரசாந்தி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடக்கை இழுக்க இழுக்க வலக்கை பின்னால் போனது. எங்கேயாவது ஓரிடத்தில் அது தானாக ஒரு அடி எடுத்து வைக்குமா என்று, அந்த எழுத்து முடியுமட்டும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.