மருந்து அடிச்சிருக்கு

உத்தமபாளையத்துல ஒரு காலேஜ்ல விலங்கியல் நடத்துறவ நான். எந்தச் சுரப்பி எந்த ஹார்மோனை விடும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அப்பேர்ப்பட்டவளுக்குப் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் பால் இறங்கலை. மார் ரெண்டும் கல்லாக் கட்டி வலிக்குது. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துட்டு வீல்னு கத்துறா. நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

எனக்கு அம்மா இல்லாததால ஓடைப்பட்டியில புருஷன் வீட்டுலதான் இருந்தேன். பார்க்க வந்த சனம் கொஞ்சமா நஞ்சமா! கொண்டாந்த ஆரஞ்சைக் கட்டில்ல வைக்கிறதுக்கு முன்னாடியே, "பால் வந்துருச்சா?"ன்னு கேப்பாக. மாமனாரோட அக்கா காலையில வந்து உக்காந்தா பொழுது சாயத்தான் எந்திரிப்பாக. "எங்க காலத்துல இப்படியா? பேசாம பவுடர் டின் வாங்குங்கடா, பிள்ளை காஞ்சு போகுது." நாள் பூரா இதே பாட்டுதான். அக்கா பேச்சுக்கு மாமா எதிர்ப்பேச்சு பேசி இந்த வீட்டுல யாரும் கேட்டதில்லை.

மாமா திராட்சை விவசாயி. சாயங்காலம் கதவுக்கு வெளிய நின்னு, "ஆத்தா, ஹார்மோன் குறைச்சலா? உரக்கடையில கேக்கவா?"ன்னு கேட்டாக. திராட்சைக் குலையை மருந்துல முக்கிக் காயைப் பெருக்க வைப்பாகல்ல, இங்கன அதுக்குப் பேருதான் ஹார்மோன்.

எனக்கு வந்துச்சே கோவம்! வெக்கமாவது ஒண்ணாவது. "குறைச்சலெல்லாம் இல்ல மாமா. பால் சுரக்கிற ஹார்மோன் அது வேலையைப் பார்த்துருச்சு. சுரந்ததை வெளிய தள்ள இன்னொண்ணு மூளையில இருந்து வரணும். பயந்து கூசிக் கெடந்தா அட்ரினலின் வந்து அதைத் தடுத்துரும். புது ஆளைக் கண்டா நம்ம மாடு பாலை அடக்கிக்கிருதுல்ல? அம்புட்டுத்தான். இத்தனை பேரு முறைச்சுப் பார்த்தா எனக்கு எப்படி இறங்கும்?"

மாமா தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டாக.

மறுநாள் காலையில பார்த்தா, வாசல்ல சேரைப் போட்டு உக்காந்திருக்காக. திராட்சைத் தோட்டத்துல மருந்து அடிச்ச அன்னைக்கு உள்ள யாரும் போகமாட்டாக. "மருந்து அடிச்சிருக்கு"ன்னு சொன்னாப் போதும், ஏன் எதுக்குன்னு கேக்காமத் திரும்பிருவாக. வீட்டுக்கு வந்தவுககிட்டயும் மாமா அதையேதான் சொன்னாக. வந்த சனமும் பழக்க தோசத்துல திரும்பிப் போச்சு!

அப்புறம் அக்கா குரல் கேட்டுச்சு.

"வீட்டுக்குள்ள என்னடா மருந்து?"

"ஹார்மோன்தான் அக்கா."

"பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுலயா? கிறுக்குப் பயலே, தள்ளுடா!"

"ஆள் உள்ள போனா அது வேலை செய்யாதுக்கா. நீ வீட்டுக்குப் போ. நானே வந்து கூட்டியாறேன்."

சரக் சரக்னு அக்காவோட செருப்புச் சத்தம் தெருவுல போச்சு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. தையல் வலிக்க வலிக்கச் சிரிச்சேன். அதுல முழிச்ச பிள்ளை சிணுங்கினா. சிணுங்கின மாத்திரத்துல மாருக்குள்ள சுருக்குன்னு ஒரு குத்து, நைட்டி நனைஞ்சு போச்சு. அள்ளி அணைச்சேன். மடக் மடக்னு குடிக்கிறா. என் வாழ்க்கையில அப்படி ஒரு நிம்மதியை அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்லை.

"ஆத்தா, பிள்ளை சத்தத்தையே காணோம்?"ன்னு வாசல்ல இருந்து மாமா கேட்டாக.

"குடிக்கிறா மாமா."

சேரை மடக்குற சத்தம் கேட்டுச்சு.

"அப்பச் சரி. நான் போயி அக்காகிட்டத் திட்டு வாங்கிட்டு வந்துர்றேன்."